கூடைக்காக வாதாடியவர்

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. கட்டுமாவடியிலிருந்து வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் கோட்டு போட்ட சட்டக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தடித்தடியாகச் சட்டப் புத்தகம் எழுதியவர். ஆனால் கோர்ட்டில் வாதாடியதே இல்லையாம்.

வழியில் ஏறிய மீன்காரம்மாவைக் கூடையோடு இறங்கச் சொன்னார் கண்டக்டர். பேராசிரியர் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளுக்காகப் பேசினார். கண்டக்டர் மசிந்துவிட்டார். இவர் உட்காரவில்லை, மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார்.

“ஆனா, மீன்தண்ணி அடுத்தவங்க வேட்டில ஒழுகுனா கண்டக்டர்தானே பதில் சொல்லணும்?”

“நீங்க யாரு பக்கம்ங்க?” என்று அவள் கத்தினாள்.

“வகுப்புல ரெண்டு பக்கமும் பேசியே பழகிட்டேன், ஆத்தா.”

கண்டக்டர் கூடையை இறக்கிவிட்டார். அவளும் இறங்கினாள். பின்னாலேயே பேராசிரியரும் இறங்கினார். பஸ் நகர்ந்ததும் எட்டிப் பார்த்தேன். கூடை அவர் தலையில் இருந்தது. அவள் திட்டத் திட்ட, மறுவார்த்தை பேசாமல் நடந்துகொண்டிருந்தார்.