அக்கா பேரில் போனவள்

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். ஊர்ப் பேர் வேண்டாம். சொன்னால் நாளைக்கே நாலு பேர் என் வீட்டு வாசலில் நிற்பார்கள். பூங்காவின் கிழக்கு மூலையில் இருக்கிற நினைவுத் தோட்டத்தைப் புதுப்பித்ததைப் பற்றி எழுதுகிறேன் என்றால் புனரமைப்புக் குழுக்காரர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். விழா மலரில் போடலாம் என்பார்கள். போட முடியாது. இது வேலுத்தாயைப் பற்றியது.

வேலுத்தாய்க்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலை. புருஷன் இல்லை. காலை ஏழு மணிக்குப் பூங்காவுக்கு வந்து, குழாயடியில் பிளாஸ்டிக் குடத்தை நிரப்பி, அங்கே நிற்கிற ஒன்பது புங்கை மரங்களில் தெற்கு ஓரத்து மரத்துக்கு ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். கோடையில் எங்கள் கரிசல் வெடிக்கிற வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும். ஊற்றுகிற தண்ணீர் மரத்துக்குப் போகிறதா பாதாளத்துக்குப் போகிறதா என்று தெரியாது. அவள் மண் அள்ளிக்கொண்டு வந்து அந்த வெடிப்பைத் தூர்ப்பாள், பிறகு ஊற்றுவாள். டெலிபோன் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, சர்க்கரைக்குப் பயந்து காலையில் நடக்கிற ஆள் நான். நாலு வருஷமாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசினதில்லை.

அந்த மரங்களின் கதை ஊருக்கே தெரியும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் தீப்பிடித்து ஒன்பது பெண்கள் செத்தார்கள். தொழிற்சாலை என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். ஆளுக்கொரு மரம் வைத்து, அடியில் தகரத்தில் பேர் எழுதி நட்டார்கள். இரண்டு கோடையில் பெயிண்ட் உரிந்தது. அப்புறம் தகரமும் யார் வீட்டுக் கோழிக்கூட்டுக்கோ போய்விட்டது. யாருக்கு எந்த மரம் என்பது பெற்றவர்களுக்கு மட்டும் தெரியும்.

போன வருஷம் தோட்டத்தைப் புதுப்பிக்கக் குழு போட்டார்கள். என்னையும் அதில் சேர்த்தார்கள். மனு எழுத ஒரு ஆள் வேண்டுமே. நடைபாதைக்குச் சிமெண்ட் கல், சுற்றிலும் கம்பி வேலி, நடுவில் கருப்பு கிரானைட்டில் பேர்ப் பலகை என்று தீர்மானமானது. மறுநாள் காலையில் வேலுத்தாய் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, கல்லுல எல்லார் பேரும் வெட்டப் போறாவளாமே, நெசந்தானா?"

"ஆமா. ஆறடிக் கல்லு."

"அது அழியாதுல்லா?"

"உன் பேரன் பேத்தி காலத்துக்கும் அழியாது," என்றேன் பெருமையாக.

அவள் முகம் சுருங்கிப்போனது. "எம் மக பேரு லிஸ்டுல தப்பா இருக்கு அண்ணாச்சி. தகரத்துலயும் தப்பாத்தான் இருந்துச்சி. அழிஞ்சி போச்சேன்னு விட்டுட்டேன். கல்லுல வெட்டிட்டா நான் என்ன செய்வேன்?"

அவளுக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் பொன்மணி, அந்த ஆபீஸில் தீக்குச்சி அடுக்குகிற வேலை பார்த்தவள். அவளைக் கடம்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். மகள் கல்யாணமாகிப் போனால் ஆபீஸில் அவள் வேலை இடம் வேறு வீட்டுக்குப் போய்விடும். இடம் போகாமல் இருக்கத் தங்கச்சியை அக்கா பேரிலேயே அனுப்புவது அப்போது எங்கள் பக்கத்தில் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆபீஸில் கொடுக்கிற வேலை அட்டையில் போட்டோ கிடையாது. இளையவள் செண்பகவல்லிக்குப் பதினைந்து வயது, எட்டாவது முடித்திருந்தாள். கோவில்பட்டி அம்மன் பேர். பதினோரு மாதம் கணக்கப்பிள்ளை காலையில் "பொன்மணி" என்று கூப்பிட, செண்பகம் "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளாம்.

தீப்பிடித்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் கணக்கப்பிள்ளை வேலுத்தாயைத் தனியாகக் கூப்பிட்டான். அட்டையில் இருக்கிற பேரையே சொல்லு, சின்னப் பிள்ளை என்று தெரிந்தால் மற்ற எட்டுக் குடும்பத்துக்கும் நஷ்டஈடு ஒன்றும் கிடைக்காமல் போகும் என்றான். போலீஸ்காரர் பேர் கேட்டார்.

"என் வாயாலதான் சொன்னேன் அண்ணாச்சி. எரிஞ்சி கெடக்கா, பக்கத்துல நின்னுக்கிட்டு பொன்மணின்னு சொன்னேன். வேலைக்கும் நாந்தான் அனுப்புனேன், பேரையும் நாந்தான் அழிச்சேன். அவ பேரு எங்கனயும் இல்ல. இந்தக் கல்லுலயாவது இருக்கட்டும்."

எனக்கு மனசு தாங்கவில்லை. தாங்காத மனசோடு வீட்டுக்குப் போய் மூடிக்கொண்டு படுத்திருக்கலாம். நான் பேனாவை எடுத்தேன். பேரூராட்சிக்கு ஒரு மனு எழுதினேன். என் மனுவைப் பார்த்து மேலதிகாரிகள் மெச்சின காலம் உண்டு. ஒரு எழுத்து மிகையாக இருக்காது. பட்டியலில் ஏழாவதாக உள்ள பொன்மணி என்பவர் உயிருடன் இருப்பதால் அப்பெயரை நீக்கவும். உண்மையில் இறந்த செண்பகவல்லி என்பவரின் பெயரைச் சேர்க்கவும். இரண்டு கோரிக்கை, இரண்டு பத்தி. வேலுத்தாய் கைநாட்டு வைத்தாள்.

அலுவலகத்தில் எழுத்தர் ஹரிகிருஷ்ணன் நல்ல பையன். மரியாதையாக உட்காரவைத்துப் பேசினான். மூத்தவள் நேரில் வரவேண்டும் என்றான். பொன்மணி கடம்பூரிலிருந்து ஆதார் அட்டையோடும் ஒரு பொட்டலம் போளியோடும் வந்தாள். தான் உயிரோடு இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போடும்போது அழுதாள். "எடம் போயிரக்கூடாதுன்னு நாந்தானம்மா சொன்னேன்," என்றாள். இத்தனை வருஷமும் தாயும் மகளும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சின்னவங்களுக்கு எறப்புச் சான்று இருக்கா சார்?" என்று ஹரிகிருஷ்ணன் கேட்டான்.

"அதுலயும் பொன்மணின்னுதான் இருக்கு. அதுக்குத்தானே தம்பி மனுவே குடுத்திருக்கு."

பள்ளிக்கூடத்துச் சான்றிதழைக் கொடுத்தோம். அவள் பிறந்ததற்கும் எட்டாவது வரை படித்ததற்கும் அது சாட்சி. செத்ததற்கு ஒரு தாளும் இல்லை. மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டான். வேலுத்தாய் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் பெரிய காரியம் முடித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். இடையில் எனக்கு முதுகுவலி, திருச்செந்தூர் பயணம், அது இதென்று ஆறு மாதம் ஓடிவிட்டது. ஒரு நடை போய் என்ன ஆச்சு என்று கேட்டேனா என்றால், கேட்கவில்லை.

திறப்பு விழா போன ஆனி மாதம் நடந்தது. மைக் செட், நாற்காலி, ஆளுக்கொரு துண்டு. செத்துப்போன ஒன்பது பேரில் ஒருத்தியான எஸ்தர்ராணியின் அண்ணன் ஜேம்ஸ்ராஜ் ஜெபம் சொன்னார். துணியை விலக்கினார்கள். கல் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. நான் மேலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். எட்டாவது பேரோடு கல் முடிந்துவிட்டது. மறுபடி படித்தேன். பொன்மணி இல்லை. செண்பகவல்லியும் இல்லை.

ஹரிகிருஷ்ணனைத் தேடிப் பிடித்தேன்.

"சார், உங்க மனுப்படிதான் சார் செஞ்சிருக்கு," என்றான். அவன் பொய் சொல்லவில்லை. முதல் பத்திக்கு ஆதாரம் இருந்ததால் அதை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவதற்கு இல்லாததால் தள்ளிவிட்டார்கள். கோர்ட்டில் உத்தரவு வாங்கி வந்தால் பிறகு பரிசீலிப்பார்களாம். மரம் ஒன்பது நிற்கிறது, பேர் எட்டு இருக்கிறது. அதை யாரும் எண்ணிப் பார்க்கப்போவதில்லை என்று அவனாகவே சொன்னான்.

கூட்டம் கலைந்த பிறகு வேலுத்தாய் கல் பக்கத்தில் வந்தாள். பொன்மணியும் கூட வந்திருந்தாள். வேலுத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. பொன்மணி என்னையே பார்த்தாள். அவள் படித்துவிட்டாள் என்று தெரிந்தது.

"எத்தனாவது வரில இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டு விரலைக் கல்மேல் வைத்தாள் வேலுத்தாய்.

சொன்னேன். சொல்லாமல் எங்கே ஓட. என் தப்புதான் என்றும் சொன்னேன். அவள் விரலை எடுக்கவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அப்பம் அந்தப் பழைய பேரையாவது திருப்பிப் போடச் சொல்லுங்க," என்றாள். "பொன்மணின்னே இருக்கட்டும்."

"அது எப்படிம்மா? பொன்மணி உயிரோட இருக்கான்னு நாமதானே எழுதிக் குடுத்தோம்."

"பொய் சொல்லிட்டேன்னு எழுதுங்க. எனக்கு ஒரே மகதான், அவ பேரு பொன்மணி, அவ தீயில செத்துப் போயிட்டான்னு எழுதுங்க. கைநாட்டு வைக்கேன்."

பொன்மணி தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

"என்னால அப்படி எழுத முடியாது வேலுத்தாயி," என்றேன்.

"பேரை எடுக்கச் சொல்லி முந்தி எழுதுனீங்கள்லா," என்றாள்.