பண்டாரம் வைத்த வேல்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் உள்ள ஒரு நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். இணையத்தின் தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் சிங்கப்பூரைப் பற்றிய கட்டுரைகள் குறைவு. இருந்தவையும் இரண்டு வரி, மூன்று வரி. அவற்றை வளர்ப்பதே எங்கள் தன்னார்வப் பணி. ஓய்வு பெற்றபின் நாள்தோறும் பதிகம் ஓதுவதையே வேலையாகக் கொண்டிருந்த எனக்குக் கோயில்களை ஒதுக்கினார்கள்.

முதலில் எழுதியது கிழக்கே உள்ள ஒரு சிறிய முருகன் கோயிலைப் பற்றி. அடுக்குமாடி வீடுகள் எழுவதற்கு முன் அங்கே மரத்தடியில் ஒரு வேல் நடப்பட்டிருந்தது. நட்டவர் யாரென்று கேட்டேன். கோயிலில் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "அது பண்டாரம் வச்ச வேலுங்க."

எனக்கு மேனி சிலிர்த்தது. சைவ மடங்களில் பண்டாரம் என்றால் துறவி. அடியார் வரலாறுகளிலேயே ஊறிய எனக்கு வேறு பொருள் தோன்றவே இல்லை. 'இல்லறம் துறந்து கடல் கடந்த அடியார் ஒருவர் தம் பற்றற்ற கையால் நட்ட வேல்' என்று எழுதினேன். அந்தப் பற்றற்ற கை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவ்வரிக்குச் சான்று இல்லை. 'மேற்கோள் தேவை' என்ற குறிப்பு நெடுநாள் அதனருகே நின்றது. பிறகு கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்து சிறப்பு மலர் வெளியாயிற்று. எங்கள் குழுவை நடத்தும் பொறியாளர் அம்மையார் அதைப் புரட்டி, மகிழ்ச்சியோடு என் வரிக்கு அடிக்குறிப்பு இட்டார்.

"ஐயா, உங்க லைனுக்கு ப்ரூஃப் கெடச்சிடுச்சு!"

வாங்கிப் பார்த்தேன். பற்றற்ற கை அப்படியே இருந்தது. என்னிடம் எடுத்ததே எனக்குச் சான்றாகத் திரும்பியிருந்தது. செய்தி உண்மைதானே என்று வாய் திறக்காமல் இருந்துவிட்டேன்.

அதே மலரை ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் என் முன் நீட்டினார் ஒரு மூதாட்டி. தோ பாயோவிலிருந்து வருபவர், எண்பதைக் கடந்தவர்.

"தம்பி, நீங்க படிச்சவரு. இதுல எங்கப்பாவ சாமியாருன்னு போட்டிருக்காங்களாம், பேத்தி படிச்சா. அவரு பூக்கட்டுற பண்டாரம். அஞ்சு புள்ள பெத்தவரு. அவரு துறவின்னா நாங்கல்லாம் எங்கேருந்து வந்தோம், மரத்துலேருந்தா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு சிரிப்பு நின்றது. "எங்கம்மாவ என்னன்னு நெனைப்பாங்க, சொல்லுங்க."

பூத்தொடுப்பவரையும் பண்டாரம் என்பார்கள். தெருவில் எவருக்கும் தெரிந்த அந்தப் பொருள் எனக்கு எட்டவில்லை.

"கோயில் ஆபீஸ்ல கேட்டேன். அடுத்த கும்பாபிஷேக மலர்ல பாத்துக்கலாங்குறாங்க. பன்னெண்டு வருஷம் தம்பி! நா இருப்பேனா? கம்ப்யூட்டர்லேருந்துதான் எடுத்தாங்களாம். அதையாவது மாத்தச் சொல்லுங்க."

அன்றே திருத்தினேன். மறுநாள் காலை, மேற்கோள் இல்லையென்று யாரோ என் திருத்தத்தை நீக்கிவிட, பழைய வரி திரும்ப வந்திருந்தது. அன்று சனிக்கிழமை; நூலகத்தில் பொறியாளரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அந்தம்மா சொல்றது உண்மையாவே இருக்கலாம் ஐயா. அச்சுல மலர்தானே இருக்கு?"

"அந்த மலரே என்னைப் பார்த்து எழுதினதும்மா. அந்தக் கை என் கை."

"கைய வேணா உங்ககிட்டேருந்து எடுத்திருப்பாங்க. விஷயம் கோயில்காரங்களுக்கே தெரியாதா? போன மாசம் ஒருத்தர் தன் தாத்தாவோட ரொட்டிக்கடையப் பத்தி எழுதினாரு. வாய்மொழி செல்லாதுன்னு தூக்குனது யாரு? நீங்கதான் லா!"

அந்த விதியை என்னைவிடக் கடுமையாகக் காத்தவர் எங்கள் குழுவில் எவருமில்லை.

அடுத்த வெள்ளி மூதாட்டி காத்திருந்தார். இனியும் ஒளிப்பது பாவம் என்று பட்டது.

"அம்மா, கம்ப்யூட்டர்ல அத எழுதினதே நான்தான்."

ஏச்சை எதிர்பார்த்துத் தலை குனிந்தேன்.

"அட, நீங்கதானா? அப்ப நல்லதாப் போச்சு. எழுதுன நீங்களே அழிச்சிடுங்க."

எழுதியவனுக்கே அழிக்கும் உரிமை இல்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? கைப்பேசியை எடுத்தேன். அவர் பார்த்திருக்கவே துறவியை நீக்கி, 'பூத்தொடுக்கும் பண்டாரம். மனைவி மக்களோடு வாழ்ந்தவர்' என்று எழுதிச் சேமித்தேன். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மறுபடியும் என்றார். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

என் வீடிருக்கும் பிடோக்குக்குத் திரும்பும் பேருந்தில் கைப்பேசி அதிர்ந்தது. மேற்கோளற்ற மாற்றம் நீக்கப்பட்டது என்று அறிவிப்பு வந்திருந்தது.

அவர் கணினி பார்ப்பவர் அல்லர். தப்பைத் திருத்தியாயிற்று என்று பேத்தியிடமும் சொல்லிவிட்டார். இன்றும் வெள்ளிதோறும் சந்நிதிக்கு எதிரே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார். என்னைக் கண்டதும் கை கூப்புகிறார். ஓதிக்கொண்டிருந்த பதிக அடி எனக்கு நின்றுவிடுகிறது. அது சிறிய கோயில், ஒரே பிராகாரம். எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் அவர் முன்னால்தான் வந்து நிற்கிறேன்.