நீர் கோத்த குட்டி

பேத்தி பிறந்ததிலிருந்து தையல்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மிஞ்சின துணியெல்லாம் குட்டிக் கவுன்களாயின. பள்ளிக்கூடச் சீருடையையும் இப்போதே தைத்துவிடலாமே, வாடிக்கைக்காரர்கள் நின்றுகொண்டிருக்கட்டும் என்று வீட்டுக்காரி குத்திக் காட்டினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கடையில் வளரும் சப்பை மூக்கு நாய் பொத்தானும் சினையாயிற்று. தனக்கு மறுபடியும் பேரன் பேத்தி வரப்போகிறது என்று அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

பொத்தானுக்குப் பட்டப்பகலில் வலி கண்டது. முக்கி முக்கி ஒரு குட்டி வந்தது. தையல்காரர் அதைக் கையில் வாங்கினார். கழுத்தும் கண்ணும் இருக்கிற இடமே தெரியாமல் பளபளவென்று உப்பி, தண்ணீர்ப் பை மாதிரி கனத்தது. விரல் பட்ட இடம் பள்ளமாகி அப்படியே நின்றது.

நாய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். உடம்பெல்லாம் நீர் கோத்திருக்கிறது, அது பிழைக்காது. உள்ளே இன்னொன்று அப்படி இருந்தால் வழியை அடைத்துக்கொள்ளும், தாயை உடனே தூக்கி வாருங்கள் என்றார் டாக்டர்.

குட்டியைத் துணி வெட்டுகிற மேஜையில் கிடத்திவிட்டுத் திரும்பினார். குட்டியின் வயிறு மெல்ல ஏறி இறங்கியது.

அவ்வளவுதான். துணியால் தேய்த்தார், வாயில் ஊதினார். கீழே பொத்தான் முனகிக்கொண்டே கிடந்தது. மேஜையை ஒட்டியிருந்த மெஷினில் அவசர வேலையை ஓட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, தாய்க்குக் கண்ணு சொருகுது. தூக்குங்க."

"இது மூச்சு விடுது. விட்டுட்டு எப்படி வர்றது?"

அவள் எழுந்து வந்தாள். குட்டியின் வயிறு அசையவில்லை. ஒரு கணம் மெஷினையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய் மிதியை அழுத்தினாள். வயிறு ஏறி இறங்கியது. காலை எடுத்தாள். நின்றது.

"மெஷின் அதிர்வுல உள்ள தண்ணி ஆடுது. வாங்க, போலாம்."

அவர் பொத்தானைப் போர்வையில் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

டாக்டர் வயிற்றைக் கிழித்து எடுத்த இரண்டாவது குட்டியும் அதே மாதிரி உப்பிச் செத்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தாயும் போயிருக்கும் என்றார். இப்போது நன்றாக மூச்சு விடுகிறது, பயமில்லை என்றும் சொன்னார்.

தையல்காரர் பொத்தானின் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறியது, இறங்கியது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"டாக்டரம்மா, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."