லட்சுமியம்மாள் திட்டாமல் இருந்த நாட்கள்

கள்ளக்குறிச்சி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தில் லட்சுமியம்மாள்தான் காசாளர். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொன்னால் அது அவளைக் குறைத்துச் சொன்னதாகிவிடும். பணம் போட வருகிறவர்களிடம் அவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். எடுக்க வருகிறவர்கள்தான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். எதற்கு எடுக்கிறாய், போன மாதம் எடுத்ததை என்ன செய்தாய், உன் பெண்டாட்டிக்குத் தெரியுமா என்று கேட்டு, பதிலில் துளி சந்தேகம் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து மரவள்ளி ஏற்றிக்கொண்டு சந்தைக்கு இறங்கும் இருசப்பன், ஆசைப்பட்ட புது செல்போனைக் கடைசிவரை வாங்காததற்கு அவள்தான் காரணம். சட்டப்படி அவளுக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆனால் அதை அவளிடம் போய்ச் சொல்ல யாருக்குத் தைரியம் இருந்தது?

போன வருஷம் எதிர்ச்சாரியில் ஒரு தனியார் நிதி நிறுவனம் வந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ளே நுழைந்ததும் கும்பிட்டுத் தண்ணீர் கொடுக்க ஒரு பெண். சங்கத்து உறுப்பினர்கள் சிலர் மெதுவாகத் தெருவைத் தாண்டினார்கள். வைப்புத்தொகை இன்னும் இறங்கினால் இந்தச் சங்கத்தை வேறொன்றோடு இணைத்துவிடுவோம் என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்கள். புதிதாக வந்த செயலாளர் சிவசங்கர் நல்ல பையன். போட்டி என்று வந்துவிட்டால் ஊழியர்களைத்தான் முதலில் தயார்ப்படுத்த வேண்டும் என்று நம்புகிறவன். லட்சுமியம்மாளைக் கெஞ்சிக் கூத்தாடி விழுப்புரத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தான்.

அங்கே ஒரு பொய்க் கவுன்ட்டரில் அவளை உட்காரவைத்து, அவள் பேசுவதை வீடியோ எடுத்துத் திரையில் போட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் மனசு சுருக்கென்றது. இந்த மூஞ்சியையா இத்தனை வருஷமும் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? ஏற்கெனவே அவளுடைய மருமகள், "உங்க வாய்க்குப் பயந்துதாங்க யாரும் நம்ம வூட்டுக்கு வர்றதில்ல" என்று சொல்லியிருந்தாள். சங்கம் முழுகினால் அது தன் வாயால்தான் என்று லட்சுமியம்மாள் முடிவே கட்டிவிட்டாள். வருகிறவரைக் கும்பிடு, உட்காரச் சொல், அவர் பணத்தை அவர் எடுத்தால் காரணம் கேட்காதே. மூன்றையும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு ஊர் திரும்பினாள்.

திரும்பியவள் முதல் வேலையாக இருசப்பனைப் பார்த்து, "வணக்கங்க, உக்காருங்க" என்றாள். அவன் தனக்குப் பின்னால் யாராவது பெரிய மனிதர் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தான். கேட்ட பணம் கேள்வியில்லாமல் கைக்கு வந்தது. அதை வாங்கிக்கொண்டு போனவன் முகத்தில் ஈயாடவில்லை.

அவன் பயந்ததிலும் நியாயம் இருந்தது. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் ஊரில் ஒரு சீட்டுக் கம்பெனி இருந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு ஓடிப்போனதற்கு முதல் நாள்வரை வந்தவர்களுக்கெல்லாம் சிரித்த முகத்தோடு காபி கொடுத்தது. சாதாரண ஆள் சிரித்தால் பரவாயில்லை, லட்சுமியம்மாளே சிரிக்கிறாள் என்றால் சங்கத்தில் ஒன்றும் மிச்சமில்லை என்றுதானே அர்த்தம்? இந்தக் கணக்கு மினி பஸ் ஏறி மலைக்கும் போய்ச் சேர்ந்தது. அவள் காதுக்கு மட்டும் வரவில்லை.

அடுத்த சந்தை நாளில் சங்கத்து வாசலில் வரிசை தெருவரைக்கும் நின்றது. எல்லாரும் எடுக்க வந்தவர்கள். லட்சுமியம்மாள் வரிசையை எட்டிப் பார்த்தாள். இவ்வளவு பணிவாக இருந்தும் போகிறார்களே என்று நினைத்து இன்னும் பணிவாகச் சிரித்தாள். வரிசை இன்னும் வேகமாக நகர்ந்தது. சிவசங்கர் உள்ளே யாருக்கோ போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

கொளஞ்சியம்மாளின் முறை வந்தது. கரும்பு வெட்டப் போகிறவள். மகள் ஷாலினியை நர்சிங் படிக்க வைக்கக் கூலியில் மிச்சம் பிடித்துச் சேர்த்தவள். மொத்தத்தையும் கேட்டாள். லட்சுமியம்மாள், "சரிங்க" என்றாள். பணத்தை எடுத்தாள். ஜன்னல்வரைக்கும் கொண்டுவந்தாள். அதற்குமேல் கை நகரவில்லை. விழுப்புரத்தில் படித்ததெல்லாம் அந்த நிமிஷத்தில் பறந்துபோனது.

"இன்னாடி கொளஞ்சி, இத எட்த்துக்கினு போயி எங்கடி வைப்ப? அரிசிப் பானையிலயா? உம் புருசன் மோந்து பாத்தே கண்டுபிடிச்சிருவானே. பொண்ணு படிப்புல மண்ண அள்ளிப் போடப் போறியா? போடி அந்தாண்ட."

வரிசையில் நின்றவர்களெல்லாம் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். லட்சுமியம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கெடுத்துவிட்டோம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

கொளஞ்சியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து அழுதாள். "இதக் கேக்காமத்தான்க்கா பயந்துகினு இருந்தோம். நீ திட்னாத்தான் எம் பணம் பத்திரமா கீதுன்னு நிம்மதியா தூங்குவேன். நீ கும்புட்டதும் எனக்குக் குலையே நடுங்கிச்சி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வரிசை அங்கங்கே கலைந்தது. வெளியே ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டார். மலைக்காரர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்கள். அறையைவிட்டு ஓடிவந்த சிவசங்கர் ஒன்றும் புரியாமல் நின்றான். அவன் ஏற்பாடு செய்த பயிற்சி வீணில்லை, அதற்கு அனுப்பிய ஆள்தான் கொஞ்சம் மாறிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

வாயைப் பற்றி ஆயுசில் ஒரு நல்ல வார்த்தை கேட்டிராத லட்சுமியம்மாள், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். 

திரும்பியபோது ஜன்னலில் இருசப்பன் நின்றான். அவள் கும்பிட்ட அன்றைக்கு எடுத்துப்போன பணத்தை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, தலையைச் சொறிந்தான்.

"எனக்கும் ஒரு வார்த்த சொல்லிடுக்கா. மனசு கேக்கல."

சொல்ல அவளிடம் எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தாள். பணத்தை எடுத்து எண்ணி உள்ளே வைத்தாள்.

"போடா" என்றாள்.

அவனுக்கு அது போதுமாக இருந்தது.