கடன் என்று நான் படித்துச் சொன்னது

ஒரு சொல்லுக்குச் சரியான பொருளைச் சொல்லி, அதனாலேயே ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தியவனை நேர்மையானவன் என்று அழைக்கலாமா? எழுபதுகளில், பாகூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், இந்தக் கேள்வியை எனக்கு நானே தேடிக்கொண்டேன்.

எங்கள் தெருவின் முதல் பட்டதாரி நான். பள்ளி ஒன்றில் எழுத்தராக இருந்தேன். ஆங்கிலத்தில் வரும் காகிதங்களை எல்லாம் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். எதிர்வீட்டுக் குத்தகை விவசாயியின் மூத்த மகள் பி.யூ.சி.யில் முதல் வகுப்பில் தேறி, புதுச்சேரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு இடம் வாங்கியிருந்தாள். கணக்கு டீச்சராவதுதான் அவள் எண்ணம். கட்டணத்துக்கும் விடுதிக்கும் வழியில்லை.

கல்லூரியில் கொடுத்த அரசுப் படிவத்தை நீட்டி, "ஸ்காலர்ஷிப்பு அண்ணா, அப்பாவுக்குப் படிச்சிச் சொல்லுங்க" என்றாள்.

தலைப்பில் 'லோன் ஸ்காலர்ஷிப்' என்று இருந்தது. வீட்டில் அவள் இரண்டாவது சொல்லை மட்டுமே சொல்லியிருந்தாள். மறைப்பது தவறு என்று எனக்குப் பட்டது. அவள் அப்பாவிடம் சொன்னேன்.

"இது கடன், சித்தப்பா. வட்டி கிடையாது. வேலைக்குப் போனப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கட்டணும். நீங்க ஜாமீன் கையெழுத்துப் போடணும்."

அவர் சிரித்தார். "வட்டி இல்லாம எவன்பா கடன் குடுப்பான்? எதுக்கோ குறி வச்சிருக்கான்."

பத்திரம் பதியும் நொத்தேர் முன்னால் ஒருமுறை விவரம் புரியாமல் கையெழுத்திட்டு, இருந்த அரைக்காணியையும் இழந்தவர் அவர்.

அவர் மனைவி உள்ளிருந்தே குரல் கொடுத்தார். "கல்யாணப் பத்திரிகையில பி.எஸ்சி.ன்னு போட்டு, பக்கத்துலயே பாக்கி இவ்ளோன்னும் போட்டுடலாமா? கடனோட வர்றவள எவன் வூட்ல சேத்துப்பான்?"

"நான் சம்பாரிச்சிக் கட்டுவேம்மா."

"கட்டிக்கினவன் உன் சம்பளத்த உன் கையில குடுப்பானாடி?"

மகள் என்னைப் பார்த்தாள். "இன்னும் இன்னாண்ணா எழுதியிருக்கு?"

பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. "மத்ததெல்லாம் வழக்கமான சட்டதிட்டந்தான்" என்று சொல்லி, படிக்காமலே மடித்துக் கொடுத்தேன்.

அவர் கையெழுத்திடவில்லை. அடுத்த தை மாதம் அவளைக் கடலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள்.

இரண்டாண்டு கழித்து, எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த ஆசிரியர் பணிச்சான்று ஒன்றைத் தட்டச்சு செய்து தரக் கேட்டார். எதற்கு என்றேன்.

"படிப்புக்கு வாங்கின லோன் ஸ்காலர்ஷிப் சார். வாத்தியார் வேலைக்கு வந்துட்டா வருஷத்துக்குப் பத்துல ஒரு பங்கு தள்ளுபடி. படிவத்துக்குப் பின்னாலயே போட்டிருக்கானே, பாத்ததில்லையா?"

பத்தாண்டு பாடம் நடத்தினால் கடனே இல்லை. வேறு எவருக்கும் அல்ல, டீச்சராக விரும்பிய ஒருத்திக்கென்றே எழுதியதுபோல் இருந்த விதி. அவள் கேட்டும் நான் அதைப் படிக்கவில்லை. முதல் பக்கத்தில் காட்டிய நேர்மையை எனக்கு மறுபக்கம்வரை கொண்டுபோகத் தெரியவில்லை.

அன்று மாலையே அவள் தகப்பனாரிடம் போய்ச் சொன்னேன். கரும்புத் தோகையைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"இத இப்ப வந்து ஏம்பா சொல்றே? தெரியாமலே இருந்திருப்பேன்."

அதன்பின் அவர் வீட்டுக் காகிதம் எதுவும் என்னிடம் வரவில்லை. இளைய மகளின் படிவங்களைப் பாகூரில் பத்திரம் எழுதுபவரிடம் காசு கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.