பச்சரிசி மாவுக் கோடு

அம்மாவும் சித்தியும் பேசிக்கொள்ளாமல் இருந்த வருஷத்தில் எங்கள் வீட்டில் அதிகம் உழைத்தது நான்தான். ஒரே அறை, அதிலேயே ஒரு மூலையில் சமையல். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடி அம்மா, "உன் சித்தியாண்ட சொல்லு, சோறு ஆறிப் போவுது" என்பாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் சித்தி இருப்பாள். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, "சோறு ஆறிப் போவுதாம்" என்பேன். "பசிக்கலன்னு சொல்லு" என்று பதில் வரும். அதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். மூன்றாம் வகுப்பு படிக்கிறவளுக்கு அது பெரிய உத்தியோகம். நானும் கௌரவமாகவே பார்த்துவந்தேன்.

சண்டைக்குக் காரணம் சித்தியின் படிப்பு. மயிலாப்பூரில் எங்கள் சந்து முனையில் அம்மா இட்லிக் கடை போட்டிருந்தாள். அங்கே சாப்பிட வருகிற ஒருவரைப் பிடித்துத்தான் தன் தங்கைக்குத் தி.நகர் புடவைக் கடையில் வேலை வாங்கிக் கொடுத்திருந்தாள். சித்தி சொல்லாமல் கொள்ளாமல் அதை விட்டுவிட்டு, அடையாறில் ஒரு சமுதாயக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். உடற்கல்வியும் பொழுதுபோக்கு விளையாட்டுகளும் சொல்லித்தருகிற டிப்ளமோ. முடித்தால் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் ஆகலாம்.

அம்மாவுக்கு உடற்கல்வி கூடப் பொறுக்கும், பொழுதுபோக்குதான் பொறுக்கவில்லை. "பொழுது போக்கறதுக்கு ஒரு படிப்பா? இந்த வூட்ல பொழுது போவலன்னு இப்ப யாரு அழுதா?"

"அங்க நாளெல்லாம் நிக்கறதுக்கு சம்பளம் குடுத்தாங்க. இங்க ஓடறதுக்கு நான் பீஸ் கட்றேன். பாஸாவலன்னா திரும்ப அந்தக் கடைக்கே போய் நிக்கறேன், போதுமாக்கா?"

அவர்கள் நேருக்கு நேர் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு எல்லாமே என் வழியாகத்தான் போய்வந்தது.

சித்தியின் படிப்பு எனக்கு வேடிக்கையாக இருந்தது. எலும்புகளின் பெயர்களை என் காலிலும் கையிலும் தட்டித் தட்டி மனப்பாடம் செய்வாள். வீட்டுக்குள் விசில் ஊதினால் விளங்காது என்று அம்மா சொல்லி அனுப்பியதால், மொட்டைமாடிக்குப் போய் ஊதுவாள். சந்துப் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட்டுகள் நடத்திப் பார்ப்பாள். யாரும் அவுட் ஆகாமல் எல்லோரும் கடைசிவரை ஆடுகிற விளையாட்டுகள் அவை. யாரையும் ஜெயிக்க முடியாத விளையாட்டு என்ன விளையாட்டு என்று எனக்குக் கொஞ்சம் சலிப்புதான்.

கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு கோ-கோ ஆடுகளத்துக்குக் கோடு போட்டுக் காட்டவேண்டும். பிறகு பிள்ளைகளை வைத்து ஒரு விளையாட்டு நடத்திக் காட்டவேண்டும். கல்லூரியில் இருந்த சுண்ணாம்பு மூட்டை மழையில் நனைந்து கட்டி தட்டிவிட்டது. அவரவரே வெள்ளைப் பொடி கொண்டுவாருங்கள், கோலமாவானாலும் சரி என்று சொல்லிவிட்டார்கள். சித்தி கோலமாவு வாங்கி, காலியான பால்பவுடர் டப்பாவில் கொட்டி வைத்தாள். சேதி வழக்கம்போல் என் மூலம் அம்மாவுக்குப் போயிற்று. அம்மா டப்பாவைத் திறந்து மாவை விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

எங்கள் வாசலில் தினமும் விழுவது கடையில் விற்கிற கல் மாவுக் கோலம். பொங்கலுக்கும், கடையில் புது அடுப்பு வைத்த அன்றைக்கும் மட்டும் அம்மா பச்சரிசி மாவில் போட்டாள். நல்ல காரியத்துக்குப் போடுகிற கோலத்தை எறும்பும் காக்காயும் தின்றுவிட்டுப் போகவேண்டும், அப்போதுதான் அது விளங்கும் என்பது அவள் கட்சி.

தேர்வுக்கு முந்தைய நாள் அம்மா பச்சரிசியைக் களைந்து, துணியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் உலர்த்தினாள். மிக்ஸியில் அரைத்து, சலித்து, வாணலியில் ஈரம் போக வறுத்து, மறுபடியும் சலித்தாள். நான் பக்கத்திலேயே குந்தியிருந்தேன்.

"நாளைக்குக் கொழுக்கட்டையாம்மா?"

"போய் உன் வேலையப் பாரு."

ஆமாம் என்றுதான் அதற்கு அர்த்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

காலையில் சந்துப் பிள்ளைகளோடு நானும் கிளம்பினேன். அம்மா பால்பவுடர் டப்பாவின் வாயைத் துணியால் கட்டி என்னிடம் நீட்டினாள். "இத்த உன் சித்தியாண்ட குடு. மூடி லூசா கீது, வழில கவுத்துக்கப் போறீங்க."

மைதானத்தில் ஆளுக்கு ஒரு துண்டு இடம். சித்திக்குக் கிடைத்தது மதிலோரம். ஆணியடித்துக் கயிறு கட்டினாள். அடிப்பக்கம் அறுத்த தண்ணீர் பாட்டிலில் மாவைக் கொட்டி, வாய் வழியாக ஒழுகவிட்டுக்கொண்டே போனாள். "இன்னாடி இவ்ளோ நைசா கீது" என்று ஒருமுறை சொன்னாள். ஆனால் நிறுத்தி யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. எல்லோருக்கும் முன்னால் முடித்து, இடுப்பில் கை வைத்து நின்றாள். நானும் இடுப்பில் கை வைத்து நின்றேன்.

பரீட்சை எடுக்க வந்தவர் எதிர்க்கோடியில் இருந்து ஆரம்பித்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி வீடு. மாடியில் யாரோ புறாக்களுக்குத் தினமும் தானியம் போடுவார்கள் போலிருக்கிறது. முதலில் ஒன்றுதான் இறங்கி நடுக்கோட்டின் மேல் நடந்துபார்த்தது. பிறகு ரேஷன் கடை திறந்த மாதிரி கூட்டம் வந்துவிட்டது. நான் இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் உட்கார்ந்தன. பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஓடினோம். நாங்கள் மிதித்தது பாதி, அவை தின்றது பாதி. பக்கத்துக் களங்களில் ஒரு புறா கூட இல்லை.

மைதானம் பெருக்குகிறவர் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாமா, அரிசி மாவுல கோடு போட்டுகினு கீற? அப்புறம் புறா எப்டி வுடும்?"

சித்தி குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்து வழிந்தது, ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. பரீட்சை பயத்தில் சித்திக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

பரீட்சைக்காரர் நல்ல மனிதர்தான். "கோடு எங்கம்மா?"

"இருந்துச்சு சார்."

"இருந்த கோட்டுக்கு நான் எப்படிம்மா மார்க் போடறது?"

எங்களை வைத்து அவள் நடத்திய விளையாட்டுக்கு அவர் கைதட்டினார். ஆனால் கோட்டுக்கு மார்க் இல்லை, அடுத்த செட்டோடு வந்து மறுபடி போட்டுக் காட்டினால்தான் பாஸ் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். "ஏன் சித்தி, அம்மா கொழுக்கட்டை மாவப் போயி டப்பால போட்டுச்சு? நீ பெயிலாவணும்னா?"

"உங்கம்மா நல்ல காரியத்துக்குக் கல்லு மாவு போடுவாளாடி?"

"அதான் நீ பெயிலாயிட்டியே."

சித்தி என் சட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள். "அத்த நான் பாத்துக்கறேன். கோடு நல்லா வந்துச்சுன்னு சொல்லு. புறா கிறான்னு வாயத் தொறந்த, அவ்ளோதான்."

புடவைக் கடைக்குத் திரும்பிப் போகப் பயந்துதான் பொய் சொல்லச் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். அதில் ஓரளவு உண்மையும் இருந்திருக்கலாம். அடுத்த தேர்வு வரும்வரை அபிராமபுரத்துப் பூங்கா ஒன்றில் காலை நேரங்களில் பெரியவர்களுக்குக் கைகால் வீசச் சொல்லிக்கொடுத்துச் சமாளித்தாள். சர்டிபிகேட் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்ச் சுண்ணாம்பில் கோடு போட்டுப் பாஸானாள். இப்போது கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். வருஷா வருஷம் விளையாட்டு விழாவுக்கு அம்மா ஒரு டப்பா மாவு கொடுத்தனுப்புகிறாள். சித்தியும் மறுக்காமல் வாங்கிப்போய், யாரும் ஓடாத ஒரு மூலையில் ஒரு கோடு இழுத்துவிட்டு வருகிறாள். "என் தங்கச்சிக்கு மொத கோடு எங்கூட்டு மாவுல போட்டது" என்று அம்மா இட்லி சாப்பிட வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். புறா தின்ற கதையை இன்றுவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

தேர்வு முடிந்த அன்று நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கைவேலையை விடாமல், "கோடு எப்டி வந்துச்சுன்னு கேளு உன் சித்திய" என்றாள். நான் கேட்பதற்குத் திரும்பினேன். அதற்குள் சித்தி அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா வந்துச்சுக்கா."

அம்மாவின் கை நின்றது. "வராம எங்க போவும்" என்றாள். பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்து, "எதுனா துன்னியா?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே போனார்கள். நடுவில் நான் ஒருத்தி நிற்பதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சமையல் மூலைக்குப் போய் ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து பார்த்தேன். எதிலும் கொழுக்கட்டை இல்லை. அவ்வளவு மாவையும் புறாவுக்குக் கொடுத்துவிட்டு இவர்கள் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.