உப்புப் பார்த்த கை

இந்த நாட்டில் இவ்வளவு காலம் வாழ்ந்த பிறகும் ஒரு பெட்டித் தண்ணீர் என்னைக் குழப்பியது. சிட்னியில், டூங்கபியில் மகள் வீட்டுக் குசினி மேசையில் அது இருந்தது. உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்ரிக் பெட்டி. அதன் விளிம்பில் தடித்த ரோச்லைற் மாதிரி ஒரு கருவி கொளுவியிருந்தது. அது மெல்ல முனகிக்கொண்டே தண்ணீரைச் சூடாக்கிச் சுற்றவிட்டது. தண்ணீருக்குள், காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்து ஒட்டிய ஒரு பை. பைக்குள் மான் தொடை. மருமகன் முதல்நாள் பின்னேரம் போட்டுவிட்டுப் படுக்கப் போனவன். நான் காலையில் தேத்தண்ணி ஊற்ற வந்தபோதும் அது வெந்துகொண்டிருந்தது. ஆனால் வீட்டில் இறைச்சி வாசனை ஒரு துளியும் இல்லை. பாத்திரம் கழுவும் சவர்க்காரம்தான் மணத்தது. மணமில்லாமல் வேகும் இறைச்சியை அந்த வீட்டுக்கு வரும்வரை நான் கண்டதில்லை.

இதற்கு சூ வீட் என்று பெயர். பிரெஞ்சுக்காரர்களின் முறை. மருமகன் மார்க் வெள்ளைக்காரன், இங்கேயே பிறந்தவன். அவனுடைய பெற்றோருக்கு நீல மலைகளுக்கு அப்பால் ஒரு பண்ணை இருந்தது. மானும் முயலும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. என்னை மாமா என்று கூப்பிடுவான். அந்த ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம். "காட்டு மிருகம் ஓடித் திரிந்தது, மாமா. அதில் கொழுப்பில்லை. கொதிக்க வைத்தால் சப்பாத்துத் தோலாகிவிடும். குறைந்த சூட்டில் கனநேரம் வைத்தால் கிருமியும் சாகும், இறைச்சியும் மெதுமையாகும்" என்பான். நான் விடமாட்டேன். காட்டு இறைச்சிக்கு ஒரு வெடுக்கு மணம் இருக்கிறது, மிளகும் இஞ்சியும் உள்ளியும் சரக்குத்தூளும் போட்டுச் சுண்டக் காய்ச்சினால்தான் அது போகும் என்பேன். "இது சமையல் இல்லை மார்க், குளிப்பாட்டு" என்று ஒருநாள் சொன்னேன். அவன் சிரித்தான். பிறகு, "அந்த வெடுக்குத்தானே மானின் ருசி. அதை ஏன் விரட்டுகிறீர்கள்?" என்று கேட்டான். நான் வேறொரு குற்றம் கண்டுபிடித்தேன். "பையை ஒட்டிவிட்டால் இடையில் உப்புப் பார்ப்பது எப்படி? ருசி பார்க்காமல் சமைக்கிறதும் ஒரு சமையலோ?"

மகள் கௌரி இந்த விவாதங்களை நெடுநாள் கேட்டிருந்தவள், ஒருநாள் பொறுமை இழந்தாள். "அப்பா, சீரியஸா கேக்கிறன். நீங்க லைஃப்ல ஒருநாளாவது இறைச்சி காய்ச்சியிருக்கிறீங்களா?"

காய்ச்சியதில்லை, அது உண்மை. இளம் வயதில் வன்னியில் நீர்ப்பாசனப் பொறியியலாளனாக வேலை பார்த்தேன். குளக்கட்டுக்குப் பக்கத்தில் அரசாங்க விடுதி. ஊர்க்காரர் யாராவது மரையோ மானோ வெட்டினால் விடுதிக்கும் ஒரு பங்கு வரும். விடுதிச் சமையல்காரர் கொஞ்சத்தைக் கறியாக்கி, மிச்சத்தை உப்பும் மஞ்சளும் பூசிக் கம்பியில் கோர்த்து அடுப்புக்கு மேலே வத்தலாகத் தொங்கவிடுவார். யாழ்ப்பாணப் பட்டினத்தில் வளர்ந்த எனக்கு முதல் மாதங்களில் அந்த மணமே பிடிக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிடுவேன். பிறகு பழகி, பிறகு விருப்பமாகியது. அவ்வளவுதான். அந்த அடுப்பில் நான் ஒரு விறகுகூடத் தள்ளிவைத்ததில்லை. ஆனால் சிட்னியில் விருந்துகளுக்குப் போகும்போதெல்லாம் வன்னி இறைச்சியைப் பற்றி வேட்டைக்காரன் மாதிரிப் பேசினேன். கேட்பவர்களுக்கும் அது பிடித்திருந்தது. பேசப் பேச நானும் நம்பிவிட்டேன்.

அந்த மான் தொடை வெந்த அன்று சனிக்கிழமை. மார்க்கின் தாய் ஜூடி ரயிலில் வருவதாக இருந்தது. கணவர் கென் இறந்தபின் பண்ணையை விற்றுவிட்டு அந்தப் பக்கத்திலேயே ஒரு சிறிய வீட்டில் தனியே இருக்கிறா. மார்க்கும் கௌரியும் அவவைக் கூட்டிவரப் புறப்பட்டார்கள். போகும்போது மார்க் பெட்டியைக் காட்டி, "தண்ணீர் இந்தக் கோட்டுக்குக் கீழே போனால் கொஞ்சம் விட்டுவிடுங்கள் மாமா. வேறொன்றும் வேண்டாம்" என்றான். நான் தலையாட்டினேன்.

அவர்கள் போனதும் மூடியைத் திறந்து தண்ணீரில் விரலை வைத்தேன். சுட்டது, ஆனால் உடனே எடுக்க வேண்டிய சூடில்லை. பைக்குள் இறைச்சி மங்கலாக, அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு நீர். வருகிறவ யார்? என் சம்பந்தி. எங்கள் ஆட்களுக்கு இது தெரியும். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றால் விளிம்பு உடைந்த கோப்பையைக்கூட ஒளித்துவைப்போம். கணவனை இழந்த வயதான மனுசி, அரைநாள் ரயிலில் இருந்து வருகிறா. அவவுக்கு முன்னால் இரத்தம் வடியும் இறைச்சியை வைப்பதா? சாப்பிட்டு வயிற்றுக்கு ஏதும் செய்தால்? பெண்ணைக் கொடுத்த வீடு என்ற மரியாதை என்னாவது?

என் மனைவி அப்போது மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலில் இருந்தா. மகனுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. நான் போன் எடுத்தேன்.

"என்னப்பா, மருந்து போட்டனீங்களோ?"

"போட்டாச்சு. மான் இறைச்சிக்குச் சரக்குத்தூள் எவ்வளவு போடுறது?"

"ஆர் காய்ச்சிறது?"

"நான்தான்."

அவ சிரித்த சிரிப்பில் மடியில் கிடந்த குழந்தை எழும்பிவிட்டது. அதை ஓராட்டிக்கொண்டே கேட்டா: "மாப்பிள்ளையிட்டக் கேட்டனீங்களோ? அது அவன்ர சாமானெல்லோ."

"ஓம் ஓம், சொல்லிப்போட்டன்."

இந்தக் கட்டுரையில் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது இந்த மூன்று சொற்களைத்தான். மற்றதையெல்லாம் அறியாமை என்று சொல்லித் தப்பிவிடலாம்.

"அப்ப சரி. பால் விட்டாப்பிறகு உப்பைப் பாத்துப் பாத்துப் போடுங்கோ. அவசரப்பட்டு அள்ளிப் போட்டிடாதேங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டா.

கத்தரிக்கோலால் பையை வெட்டினேன். அப்போதுதான் மணம் வந்தது. விடுதிக் குசினியின் மணம். சிவந்த நீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். இறைச்சிக்கு மஞ்சள் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவிக் கழுவி எடுத்தேன். துண்டு போடும்போது கத்தியை அழுத்த வேண்டியிருக்கவில்லை, தானாகவே இறங்கியது. அது ஏற்கெனவே வெந்துவிட்டதென்று படித்தவனான எனக்கு அந்த இடத்தில் விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. வெங்காயம் வதக்கி, தூள் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் கொதிக்க விட்டேன். அகப்பையால் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கி உப்புப் பார்த்தேன். கொஞ்சம் போட்டு மறுபடியும் பார்த்தேன். சரியாக வந்தபிறகும் ஆசைக்கு இன்னொருமுறை பார்த்தேன். வீடு முழுக்க மணந்தது. மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன் என்ற எண்ணம் அன்றுதான் முதல்முறையாக என்னை விட்டுப் போயிருந்தது.

கார் வந்தது. மார்க் உள்ளே வந்ததும் முதலில் மேசையைப் பார்த்தான். பெட்டியை நான் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். பிறகு குப்பைவாளியில் கிடந்த பையைப் பார்த்தான்.

"கறி வைத்தேன். முறையான கறி" என்றேன்.

"ரைட்" என்றான். பிறகு, "நல்லா மணக்கிறது, மாமா."

பின்னால் வந்த ஜூடி, "அதுவா மார்க்?" என்று கேட்டா. அவன் தலையசைத்தான். கௌரி என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

மேசையில் உட்கார்ந்ததும் மார்க் கிளாஸைத் தூக்கி, "டாட்டுக்கு" என்றான். நானும் தூக்கினேன். வெள்ளைக்காரர்கள் எதற்கும் கிளாஸ் தூக்குவார்கள்தானே என்று நினைத்தேன். ஜூடி ஒரு வாய் வைத்தா. முகம் சிவந்து கண்கள் நிரம்பின. உறைப்பு என்று நினைத்து எழும்பி ஓடிப்போய்த் தயிர் கொண்டுவந்தேன். அவ என் கையைத் தட்டிக்கொடுத்து, "இல்லை, நன்றாக இருக்கிறது" என்றா. மீண்டும் போட்டுச் சாப்பிட்டா. கண்ணீர் நிற்கவில்லை. நான் இன்னும் கொஞ்சம் தயிர் வைத்தேன்.

சாப்பாடு முடிந்து கௌரி பின்வளவில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் உதவிக்குப் போனேன். கிளிப்புகளைக் கழற்றியபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். அந்த மான் கென் கடைசியாகச் சுட்டது. அதற்குப் பிறகு வந்த கோடையில் அவர் இறந்துவிட்டார். பிறீசரில் இருந்த இறைச்சியை, அவருடைய பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் எடுத்துச் சமைத்து வந்திருக்கிறார்கள். இன்று பிறந்தநாள். இருந்த கடைசித் துண்டு அதுதான்.

"எனக்கு ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நீங்க ஏன் அப்பா கேக்கேல்லை? வெட்ட முதல் ஒரு போன் எடுத்திருக்கலாமே." ஒரு சட்டையை மடித்தாள். "அப்பப்பான்ர எட்டுச் செலவு ஞாபகமிருக்கோ? நாங்க அப்ப இருந்த வெஸ்ற்மீட் பிளாற்றில. ஒரு வடையைத் தொட்டதுக்கு என்ர கையில அடிச்சீங்க. படைக்க முதல் ஆரும் வாய் வைக்கக்கூடாதெண்டு."

ஞாபகமிருந்தது. யாழ்ப்பாணத்தில் என் தந்தை காலமானபோது என்னால் போக முடியவில்லை. எட்டாம் நாள், இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம், மீன் இறைச்சி உட்படச் சமைத்து இலையில் படைப்பது எங்கள் வழக்கம். படைக்கும்வரை சமைப்பவர்கூட உப்புப் பார்க்கக் கூடாது. அப்பாவுக்கு நண்டு உயிர். சிட்னி நண்டு வாங்கி மனைவி கறி வைத்தா. உப்புக் கூடிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த உப்பைத்தான் நான் அப்பாவுக்குச் செய்த கடைசிக் காரியமாக நெடுங்காலம் நினைத்துவந்தேன்.

எந்தக் கையும் எந்த நாக்கும் எட்டாதபடி ஒட்டி மூடிய பையில் மார்க் தன் தகப்பனுக்குச் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவனுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. அந்த வழக்கத்துக்காகக் குழந்தையின் கையில் அடித்த நான் பையை வெட்டி, கழுவி, உள்ளங்கையில் விட்டு நக்கினேன். ஆனால் இங்கேயும் எனக்கு ஒன்றும் தெளிவாக இல்லை. புறப்படும்போது ஜூடி சிரித்துக்கொண்டு சொன்னா: "கென் அந்தப் பிளாஸ்ரிக் பெட்டியைக் கண்டிருந்தால் பின்வளவுக்கு எறிந்திருப்பார். இரும்புச் சட்டியும் பட்டரும்தான் அவருக்கு." அப்படியென்றால் மார்க் செய்ததும் தகப்பன் விரும்பிய முறையில்லையா? அவ அதை என்னை ஆறுதல்படுத்தச் சொன்னாவா, அல்லது மகனோடு அவவுக்கும் இதேபோல் ஒரு விவாதம் இருந்ததா? நான் பிழைசெய்தது மார்க்குக்கா, இரண்டுமுறை மட்டும் சந்தித்த கென்னுக்கா, என் அப்பாவுக்கா?

மார்க்கிடம் மன்னிப்புக் கேட்டேன். "நோ வொறிஸ், மாமா" என்றான். இந்த நாட்டில் காலை மிதித்துவிட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். தகப்பனின் கடைசி இறைச்சியைக் கெடுத்தாலும் இதுதானா? எங்கள் பெடியன் என்றால் ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைத்திருக்கமாட்டான், நானும் என் இடத்தை அறிந்திருப்பேன். மார்க் அடுத்தநாள் காலை வழக்கம்போல எனக்குக் கோப்பி போட்டுத் தந்தான்.

மனைவிக்கு உண்மையைச் சொன்னேன். "அந்தப் பிள்ளை மார்க் சாப்பிட்டவனோ?" என்று கேட்டா.

"ஓம். இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டவன்."

"ஐயோ" என்றா. சாப்பிட்டதற்கு ஏன் ஐயோ என்றா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டி கராஜுக்குப் போய்விட்டது. குசினியில் மணக்க மணக்கச் சமையல் நடந்தது. அதுவே என்னை உறுத்தியது. போன சனிக்கிழமை கடைக்குப் போய்க் கங்காரு இறைச்சி வாங்கினேன். பண்ணையில் வளராத இறைச்சியாக அங்கே அதுதான் கிடைத்தது. கராஜிலிருந்து பெட்டியை எடுத்துத் தூசி துடைத்துத் தண்ணீர் நிரப்பினேன். கருவியை எப்படி இயக்குவது என்று தெரியாமல் நின்றபோது மார்க் வந்தான்.

"என்ன மாமா செய்கிறீர்கள்?"

"எவ்வளவு சூடு வைக்க வேண்டும்?"

என்னையும் இறைச்சியையும் பார்த்தான். கையைக் கழுவினான். இறைச்சியைத் துடைத்து உப்புத் தடவிப் பையில் வைத்து ஒட்டி, தண்ணீருக்குள் இறக்கிப் பொத்தானை அழுத்தினான்.

"உப்புப் போதுமா?"

"போட்டிருக்கிறேன். சரியா பிழையா என்று வெட்டும்போதுதான் தெரியும்" என்றான். அவன் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு புல்லு வெட்டும் மெசினை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நான் கதிரையைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். பிரிட்ஜ் கதவில் கௌரியின் கலியாணப் படம். அதில் கென் வேட்டி கட்டி, அவிழ்ந்துவிடுமோ என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். யன்னலால் வெட்டிய புல்லின் மணம் வந்தது. மடியில் என் வலது உள்ளங்கை தானாக விரிந்து கிடந்தது. அதைப் பொத்திக்கொண்டேன். தண்ணீர் முனகியது. இறைச்சி வெந்துவிட்டதா, பச்சையாகவே கிடக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. மூடியைத் திறக்கவில்லை.